இரண்டு பிளாப்பிக்கும் சந்தனம்

சித்தீகாவின் வாழ்க்கையில் பாதி மற்றவர்களைத் திருத்துவதிலேயே போயிற்று. மீதி, திருத்தியும் திருந்தாதவர்களை நினைத்துப் பல்லைக் கடிப்பதில் போயிற்று. அத்தா என்று அவள் கூப்பிடும் அப்பா அப்துல் வாஹித், நெய்வேலியை ஒட்டிய மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்தார். பதினைந்து வயதிலிருந்தே அங்கே டைப் அடிக்க வந்த பிள்ளைகளின் விரல்களைத் திருத்தினாள். இருபத்து நான்காவது வயதில், 1989 தொடக்கத்தில், அவளுடைய மாமா சிங்கப்பூரிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் கொண்டுவந்து இறக்கினார். அன்றிலிருந்து ஊரையே திருத்த வேண்டியதாயிற்று.

இன்ஸ்டிட்யூட்டுக்குப் பின்னால் இருந்த வீட்டின் நடு அறையில் கம்ப்யூட்டர் உட்கார்ந்தது. அதைப் பார்க்க வந்தவர்கள் கொஞ்சமா நஞ்சமா! பிளஸ் டூவில் எவ்வளவு மார்க் வரும் என்று அதனிடம் கேட்டுச் சொல்லச் சொன்னார்கள். பிள்ளைத்தாய்ச்சி அதன் முன்னால் உட்காரலாமா என்று கேட்டார்கள். அத்தா ஒரு பக்கம், டிவிக்குப் போர்த்துவதுபோல் அதற்குப் பூப்போட்ட துணியைப் போர்த்தி, அது ஓடிக்கொண்டிருக்கும்போதும் எடுக்காமல் விட்டுவிடுவார். "சூடாயிடும் அத்தா, எடுங்க" என்றால், "தூசி உள்ள போயிடும்மா" என்பார். தூசி வரக்கூடாது என்று சொன்னவளே அவள்தான், என்ன செய்வது?

செருப்பு விஷயமும் அப்படித்தான். புதுச்சேரியில் ஆறு மாதம் அவள் கம்ப்யூட்டர் படித்த இடத்தில், செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அங்கே ஏசி இருந்தது, தரையில் கம்பளம் இருந்தது. இங்கே சிமெண்டுத் தரை. நிலக்கரித் தூசி ஜன்னல் வழியாக இருபத்து நான்கு மணி நேரமும் வந்துகொண்டிருந்தது. இருந்தாலும் படித்தவள் அல்லவா, அந்தச் சட்டத்தை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டாள். அவள் சொன்னதிலேயே ஊர் முழுக்கக் கேட்டு நடந்தது அந்த ஒன்றைத்தான்.

அதிலும் பன்னீர்செல்வம் செருப்பைக் கழற்றுவதோடு நிற்கமாட்டார், வாசல் குழாயில் காலையும் கழுவிவிட்டுத்தான் வருவார். நாற்பத்தாறு வயது. பதினோரு வருடமாக மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. கான்ட்ராக்ட் தொழிலாளர்கள் சேர்ந்து நடத்திய சின்னச் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். ஜூலையில் ஒருநாள் வந்து, கோணிப்பை ஒன்றை அறை நடுவில் வைத்தார்.

"பாய் பொண்ணு, இதுல நூத்தி எண்பத்தாறு பேரோட உசுரு இருக்குது" என்றார்.

பையில் இருந்தவை மாதச் சீட்டுகள். இன்ன மாதம் இத்தனை நாள் வேலை செய்தார் என்று கான்ட்ராக்டர் கிறுக்கிக் கொடுக்கும் துண்டுக் காகிதம். கான்ட்ராக்டர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஆள் இத்தனை வருடம் வேலை பார்த்தார் என்பதற்கு அந்தச் சீட்டை விட்டால் வேறு சாட்சி இல்லை. பெர்மனென்ட் கேட்டுச் சங்கம் மனு கொடுத்திருந்தது. யார் யார், எந்தெந்த மாதம், எத்தனை நாள் என்று பட்டியல் போட்டு அக்டோபர் பதினாறாம் தேதிக்குள் லேபர் ஆபீஸில் கொடுக்க வேண்டும். பட்டியலில் பேர் இல்லாதவருக்கு அந்த மனுவில் இடம் கிடையாது.

மூன்று மாதம் சித்தீகா உட்கார்ந்து அடித்தாள். வியர்வையும் எண்ணெயும் பட்டு மட்கிய சீட்டுகள், சிலவற்றில் தேதியைத் தேடவே கால் மணி நேரம் ஆகும். அவள் கம்ப்யூட்டருக்குள்ளே எதையும் சேர்த்து வைக்க இடம் கிடையாது. எல்லாம் பிளாப்பியில்தான் போக வேண்டும். சதுரமான கறுப்பு உறை, அதற்குள் சுற்றும் மெல்லிய பழுப்பு வட்டு. உறையில் ஓரிடத்தில் மட்டும் ஜன்னல்போல் வெட்டியிருக்கும், அதன் வழியாகத்தான் மெஷின் படிக்கும். புத்திசாலி என்பதால் இரண்டு பிளாப்பி போட்டாள். ஒன்று கெட்டால் இன்னொன்று. இரண்டையும் பத்திரமாக ஒரே பெட்டியில் வைத்துப் பூட்டினாள். சாவியைப் பெட்டிக்கு மேலேயே ஆணியில் மாட்டினாள்.

பன்னீர்செல்வத்தின் சொந்தச் சீட்டுகளை முடித்த அன்று அவளுக்குக் கழுத்து வலி, தூசியில் ஓயாத தும்மல். கட்டைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள்.

"எல்லாம் உள்ள ஏறிடுச்சு அண்ணே. இனிமே இந்தக் குப்பை எதுக்கு? தூக்கிப் போடுங்க."

"இனி அழியாதே?"

"கம்ப்யூட்டர்ல ஏறினது எப்படி அண்ணே அழியும்?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. எல்லோரிடமும் அதைச் சொல்லி, அவரவர் சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் கரியைக் கூட்டும் மாணிக்கம்மாள் மட்டும் நம்பவில்லை. தன் சீட்டுகளை எண்ணி வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். "அது உங்க பொட்டிக்குள்ள இருக்கட்டும்மா, இது எங்கிட்ட இருக்கட்டும்" என்றாள். 'படிக்காத ஜனம்' என்று சித்தீகா மனதுக்குள் முணுமுணுத்தாள்.

செப்டம்பர் கடைசியில் வேலை முடிந்தது. பிரிண்டரில் ரிப்பன் தீர்ந்துபோயிருந்தது, மெட்ராஸிலிருந்து வரவேண்டும். பூஜை விடுமுறை கழிந்து வந்ததும் அச்செடுத்துவிடலாம் என்று இருந்தாள்.

இதற்கிடையில் பேப்பரில் ஒரு செய்தி வந்து அவள் உயிரை எடுத்தது. அக்டோபர் பதிமூன்று வெள்ளிக்கிழமை, உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களை ஒரு வைரஸ் தாக்கப்போகிறதாம். பன்னீர்செல்வம் அந்தப் பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"இன்னாம்மா இது? நம்ம பொட்டிக்கும் வருமா?"

"அது காத்துல வர்ற நோய் இல்ல அண்ணே. எவனோ எழுதிவிட்ட புரோகிராம். அடுத்தவங்க பிளாப்பியை நம்ம மெஷின்ல போட்டாத்தான் வரும். நான் போடமாட்டேன். போதுமா?"

தலையாட்டினார். மறுநாள் காலையில் பார்த்தால் வாசல் நிலையில் வேப்பிலை தொங்கியது. அத்தா தன் பங்குக்கு அறையில் சாம்பிராணி போட்டார். சித்தீகா தலையில் அடித்துக்கொண்டு, புகை பிளாப்பிக்கு ஆகாது என்று கத்தினாள். "வைரஸுக்குத்தாம்மா போட்டேன்" என்றார் அத்தா, பொறுமையாக. எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது!

ஆயுத பூஜை திங்கட்கிழமை வந்தது. நெய்வேலியில் அன்றைக்குப் பொட்டு இல்லாத இரும்பைப் பார்க்க முடியாது. மண்ணை வெட்டும் ராட்சச மெஷின்முதல் குவார்ட்டர்ஸ் வாசலில் நிற்கும் ஸ்கூட்டர்வரை எல்லாம் சந்தனமும் குங்குமமுமாக நிற்கும். சித்தீகா முந்தின நாளே பண்ருட்டியில் சின்னம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். திங்கள் சாயங்காலம் திரும்பியபோது, பிளாப்பிப் பெட்டிமேல் ஒரு முழம் கதம்பம் கிடந்தது.

"யார் அத்தா இதைத் தொட்டது?"

"நம்ம பன்னீருதான். சங்கத்துல பூஜை, அதுல வெக்கணும்னு வந்து கேட்டாரு. அவங்க பேரு இருக்குற பொட்டி, நான் எப்படிம்மா இல்லைன்னு சொல்றது? காலைக் கழுவிக்கிட்டுத்தான் எடுத்தாரு. பத்திரமாத் திருப்பிக் கொண்டாந்துட்டாரே."

பெட்டியைத் திறந்தாள். இரண்டு பிளாப்பிகளிலும், சரியாக அந்த ஜன்னலில், பழுப்பு வட்டின் மேல், கட்டை விரல் அகலத்துக்குச் சந்தனம் காய்ந்து கிடந்தது. நடுவில் குங்குமம். இரண்டுக்கும் அளவு எடுத்ததுபோல் ஒரே பொட்டு.

"கவர்மேல வெச்சிருக்கக்கூடாதா?" என்று கேட்டாள்.

"நானும் அதைத்தான் கேட்டேன். 'வண்டிக்குப் பொட்டு வெக்கணும்னா ஷெட்டுக்கா வெப்பாங்க பாய்? உள்ள இருக்குறதுக்குத்தானே வெக்கணும்'னாரு. அதுவும் நியாயந்தானேம்மா. ஒண்ணுக்கு வெச்சிட்டு ஒண்ணை வுட்டா நல்லாவா இருக்கும்னு ரெண்டுக்கும் வெச்சாராம்."

அவளுக்கு அழுகைக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது. அந்த ஆத்திரத்தில் அவளும் ஒரு முட்டாள்தனம் செய்தாள். சந்தனத்தைப் பஞ்சால் அவசரமாகத் துடைத்துவிட்டு, முதல் பிளாப்பியை மெஷினில் போட்டாள். உள்ளே கரகரவென்று ஏதோ அரைபட்டது. படிக்க முடியவில்லை என்று திரையில் வந்தது. இன்னொரு தரம் போட்டாள். மூன்றாம் தரம் போடும்போது மெஷினின் படிக்கும் பாகத்திலேயே சந்தனம் ஏறியிருந்தது. இரண்டாவது பிளாப்பியின் உறையைப் பிளேடால் வெட்டி, வட்டைத் தண்ணீரில் அலசி, உலர்த்தி, வேறு உறையில் நுழைத்து, மெஷினில் பக்கத்திலிருந்த இரண்டாவது டிரைவில் போட்டுப் பார்த்தாள். அதுவும் வாயைத் திறக்கவில்லை. மூன்று மாத உழைப்பு ஒரு நல்ல மனுஷனின் பெருவிரலில் போய்விட்டது.

இரண்டு பிரதி எடுக்கத் தெரிந்தவளுக்கு, இரண்டையும் ஒரே பெட்டியில் வைக்கக்கூடாது என்று தெரியவில்லையே! அவள் தன்னைத்தானே திட்டிக்கொண்டதில் அத்தாவுக்குச் சோறு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பன்னீர்செல்வம் வந்தார். பிளாப்பி கெட்டுவிட்டது, சீட்டுகள் மறுபடியும் வேண்டும் என்று மட்டும் சொன்னாள். சந்தனத்தைப் பற்றிய பேச்சை நாக்கு நுனியில் நிறுத்திவைத்திருந்தாள். பட்டியல் முடியட்டும், அப்புறம் இந்த ஆளை உட்கார்த்தி வைத்து நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கவேண்டும் என்று இருந்தாள்.

அவர் சைக்கிளை எடுத்தார். வடக்குத்து, பக்கத்துக் குப்பங்கள் என்று வீடு வீடாக ஏறி இறங்கினார். பானையிலிருந்தும் கூரைச் செருகலிலிருந்தும் சீட்டுகள் வந்தன. முதலில் வந்தவை மாணிக்கம்மாளுடையவை, ஒரு மாதம்கூடக் குறையாமல். சித்தீகா அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள்.

கம்ப்யூட்டரைப் போர்வையால் மூடிவிட்டு, இன்ஸ்டிட்யூட்டின் பழைய டைப்ரைட்டரில் அடித்தாள். பதிமூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை பன்னீர்செல்வம் காலையிலேயே வந்து, இன்றைக்கு அந்தப் பக்கமே போகாதே என்று எச்சரித்தார். ஏற்கெனவே செத்துக் கிடந்த மெஷினுக்கு அப்படி ஒரு காவல்!

ஞாயிறு மாலைக்குள் நூற்று நாற்பத்தொரு பேர் ஆனார்கள். மீதி நாற்பத்தைந்து பேரின் சீட்டு இல்லை. எறிந்துவிட்டார்கள், எடைக்குப் போட்டுவிட்டார்கள். கடைசிக் கட்டை அடித்து முடித்து, பேர்களைச் சரிபார்த்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. எதிரே தரையில் உட்கார்ந்து சீட்டுகளைக் கட்டிக்கொண்டிருந்தவரைப் பார்த்தாள்.

"அண்ணே, உங்களுது எங்க?"

"இல்லம்மா."

"இல்லன்னா?"

"அன்னிக்கே எரிச்சிட்டேன். நீதானே சொன்ன, உள்ள ஏறிடுச்சு, தூக்கிப் போடுங்கன்னு. ரோட்டுல போட மனசு வரல. பதினோரு வருஷம் பாரு. வூட்டுல குடுத்து, பொங்கலன்னிக்கி அடுப்பு மூட்டுற மாதிரி கும்பிட்டுத்தான் வெச்சோம்."

குற்றம் சொல்லும் குரலே இல்லை அது.

"எனக்குக் கொஞ்சம் ஞாபகம் இருக்கு அண்ணே. தோராயமாப் போட்டுடறேன். யாருக்குத் தெரியப்போவுது?"

"வேணாம்மா. ஒண்ணு பொய்யின்னு தெரிஞ்சா, எல்லாமே பொய்யின்னு தூக்கிக் கடாசிடுவாங்க. மத்தவங்க பொழப்பாவது நடக்கட்டும்."

பிறகு, அவள் வருத்தப்படுகிறாள் என்று நினைத்து, அவர்தான் அவளைத் தேற்றினார்.

"உம்மேல தப்பு இல்லம்மா. எல்லாம் அந்த வைரஸுதான். பதிமூணாந்தேதின்னு பேப்பர்ல போட்டுட்டு, முன்னாடியே வந்துட்டுது பாரு. அன்னிக்கு டீ குடுக்க வந்த கடைக்காரன் செருப்போட உள்ள பூந்தானே, அப்பவே எனக்கு மனசுக்கு ஆவல. நல்லகாலம், நாம பூஜை போட்டோம். அதனாலதான் இத்தினி பேராச்சும் தப்பிச்சோம்."

சித்தீகா வாயைத் திறந்தாள். ஐந்து நாளாகச் சேர்த்துவைத்த அத்தனை வார்த்தைகளும் வந்து நின்றன. அவர் பெருவிரல் நகத்தின் ஓரத்தில் குங்குமச் சிவப்பு இன்னும் போகாமல் இருந்தது.

"ஆமாண்ணே" என்றாள்.

அந்தப் பட்டியலை மறுநாள் கொடுத்தார்கள். பிற்பாடு, பல இழுபறிக்குப் பின், அதில் இருந்தவர்களில் சிலருக்கு வேலை பெர்மனென்ட் ஆயிற்று. மாணிக்கம்மாளுக்கும் ஆயிற்று. பன்னீர்செல்வம் கான்ட்ராக்டிலேயே இருந்தார்.

சித்தீகா மெஷினைச் சரிசெய்து, வீட்டிலேயே கம்ப்யூட்டர் வகுப்பு தொடங்கினாள். எதை அடித்தாலும் இரண்டாவது பிளாப்பி மாணிக்கம்மாள் வீட்டுக்குப் போய்விடும். இன்னொரு மாற்றமும் செய்தாள். செருப்புக்கும் வைரஸுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லி, அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டாள். பிள்ளைகள் சந்தோஷமாகச் செருப்போடு வந்து போனார்கள்.

சங்கத்துக்கு ஏதாவது மனு அடிக்கப் பன்னீர்செல்வம் மட்டும் மாதம் ஒருதரம் வருவார். வாசல் குழாய் திறக்கும் சத்தம் கேட்டதுமே, "அப்படியே செருப்போட வாங்க அண்ணே, ஒண்ணும் ஆவாது" என்று அவள் உள்ளே இருந்து கத்துவாள். ஒவ்வொரு முறையும் கத்துவாள். அவர் ஒருநாளும் கேட்டதில்லை.