சத்தம் செத்த கல்

பட்டறையில் எல்லோருக்கும் அவள் அக்கா. கிரைண்டிங் மெஷினில் புதுக் கல்லை மாட்டுமுன் அதை விரலில் தொங்கவிட்டு, ஸ்குரூடிரைவர் கைப்பிடியால் தட்டிப் பார்ப்பாள். கணீரென்றால் நல்ல கல். சத்தம் செத்திருந்தால் உள்ளே விரிசல். சுற்றுகிற வேகத்தில் வெடித்தால் ஆள் காலி. இரும்பைத் தேய்த்தே பாதி ஆயுளைக் கழித்தவள், இந்த ஒரு விஷயத்தில் யாரையும் நம்பமாட்டாள். கடையில் பீங்கான் தட்டு வாங்கினாலும் தட்டித்தான் வாங்குவாள்.

வாயும் கொஞ்சம் நீளம். சமீபகாலமாகப் புருஷனோடு தினமும் மல்லுக்கட்டுதான். "வாய்க்குள்ளயே முணுமுணுக்காம, வாயத் திறந்து பேசுங்களேன்!" அதற்கு அவர் சொல்கிற பதிலும் முணுமுணுப்பாகவே இருக்கும்.

அன்று தட்டிய புதுக் கல் சொத்தென்றது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். மூன்றையும் தூக்கிக்கொண்டு போய் ஸ்டோர்காரரை ஒரு பிடி பிடித்தாள்.

"எவன் இத உங்க தலையில கட்டினான்? எல்லாமே விரிசல்!"

அவர் ஒன்றை வாங்கித் தட்டினார். "நல்லாத்தானேக்கா இருக்கு? மணி மாதிரி கேக்குதே."

"இன்னொரு தடவ தட்டுங்க."

தட்டினார். பக்கத்தில் நின்ற லேத்காரரும் ஆமாமென்று தலையாட்டினார். அவளுக்கு மட்டும் பலகையைத் தட்டியது போலிருந்தது. மூன்று கல்லையும் எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், புருஷனின் உதடு தெரிகிற மாதிரி நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"இப்ப சொல்லுங்க," என்றாள். "இத்தனை நாளா என்ன சொல்லிட்டிருந்தீங்க?"