இரண்டாவது பிராசசர்

அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் கம்ப்யூட்டர் அறையில், அதைப் பார்த்துக்கொள்ளும் அவரைப் பார்த்தேன். நரைத்த மீசை, தோளில் துண்டு. சர்வர் மேல் படியும் தூசியை அந்தத் துண்டால் துடைத்துக்கொண்டேதான் பேசுவார். எங்கள் கம்பெனி மென்பொருளுக்கு ஒவ்வொரு பிராசசருக்கும் தனி லைசன்ஸ், லட்சக்கணக்கில் விலை. அதைச் சரிபார்க்கப் போன பெரிய மனுஷன் நான்.

“அண்ணே, ரெண்டு பிராசசர் ஓடுது. லைசன்ஸ் ஒண்ணுக்குத்தானே இருக்கு?”

“எடைமேடையில பில்லு வர லேட்டாகி லாரி காத்துக் கெடக்குதேன்னு நாந்தான் சார் பெரிய மெஷினா கேட்டு வாங்குனேன். உள்ள இருக்கறத எண்ணிக் காசு கேப்பீங்கன்னு தெரியாதுங்க. ஒண்ணக் கழட்டிடுறேன். எழுதிடாதீங்க, வேலை போயிடும்.”

“ரூல்னா ரூல்தாண்ணே” என்று கெத்தாக எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த முறை போனபோது ஒரே பிராசசர்தான் இருந்தது. அவரை வேலையைவிட்டு அனுப்பியிருந்தார்கள். வெளியே லாரிகள் மெயின்ரோடு வரை நின்றன. சர்வர் மேல் தூசி கனமாகப் படிந்திருந்தது. கைக்குட்டையை எடுத்தேன், துடைக்கக் கை வரவில்லை.