ஒரே குரூப்தானே என்றவர்

தனிம அட்டவணையின் முதல் தொகுதியை நடத்தும் நாளில் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். தண்ணீரில் லித்தியத்தைப் போட்டால் சோம்பேறித்தனமாக மிதந்து நுரைக்கும். சோடியம் சீறிக்கொண்டு ஓடும். பொட்டாசியம் விழுந்த உடனே ஊதாவாகப் பற்றிக்கொள்ளும். மூன்றுக்கும் வெளிக்கூட்டில் ஒரே ஓர் எலக்ட்ரான்தான். தொகுதியில் கீழே போகப் போக அது அணுக்கருவிலிருந்து விலகி, பிடி தளர்ந்து, சுலபமாகக் கழன்றுவிடும். குணம் ஒன்றுதான், கோபம்தான் ஆளுக்கு ஆள் வேறு.

மைசூரில் ஒரு தனியார் கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளராக இதை வருடா வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வருடம் வேலை நிரந்தரமாகும் என்று நம்பியிருந்தேன். அதற்குச் சிபாரிசு செய்ய வேண்டியவர் எங்கள் துறைத்தலைவர்.

தசராவில் ஆயுத பூஜைக்கு ஆய்வகத்தையும் விடமாட்டோம். தரையைக் கழுவி, புட்டிகளைத் துடைத்துக் குங்குமம் வைத்து, சாமந்திச் சரம் சுற்றுவோம். நிர்வாகத்தார் பூஜைக்கு வருகிறார்கள் என்றதும் துறைத்தலைவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அலமாரியில் மண்ணெண்ணெய்க்குள் கிடந்த பழைய பொட்டாசியத்தைத் தூக்கிப் பார்த்தார். மேலெல்லாம் மஞ்சள் பொருக்கு.

“அசிங்கமா இருக்கேம்மா. இதக் கொஞ்சம் சீவி எடு. வர்றவங்க என்ன நெனப்பாங்க?”

“வேணாம் சார். அந்த மஞ்சள் மேல கத்தி பட்டா வெடிச்சாலும் வெடிக்கும். அப்படியே ஓரமா வெச்சிடலாம்.”

“சோடியத்தத் தெனம் வெட்டறோம். ரெண்டும் ஒரே குரூப்தானே? சும்னே பயப்படாதே” என்று கன்னடம் கலந்து அதட்டினார்.

“சோடியம் இவ்வளவு மோசமாகாது சார்.”

“பாடத்தக் கிளாஸ்ல வெச்சுக்கோ.”

கத்தியை நான் கொடுக்கவில்லை. அவரே எடுத்தார். தடுக்கப் போன என் கையைத் தட்டிவிட்டார். பட்டென்று ஒரு சத்தம். மண்ணெண்ணெய் பற்றிக்கொண்டது, பூச்சரமும் சேர்ந்து எரிந்தது. மணல் வாளியைக் கவிழ்த்து நெருப்பை அணைத்தேன். உள்ளங்கை வெந்துபோன மனிதரை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் நான்தான். வழியெல்லாம் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது.

கட்டுப் போட்ட கையோடு விசாரணைக்கு வந்தார். நான் எச்சரித்தேனா என்று நிர்வாகச் செயலாளர் அவரிடம் கேட்டார். அப்படி யாரும் எதுவும் சொன்னதாக ஞாபகம் இல்லை என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“சார், வெடிக்கும்னு நான் சொன்னேன் இல்லையா?” என்றேன்.

செயலாளர் அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். “அப்போ வெடிக்கும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்?”

“தெரியும் சார்.”

“தெரிஞ்சும் சும்மா நின்னு பாத்துட்டு இருந்தீங்களா?”

கையைத் தட்டிவிட்டதைச் சொன்னேன். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. ஒன்றும் தெரியாதவர் இன்றும் அங்கே துறைத்தலைவர். தெரியும் என்று சொன்ன எனக்கு, அடுத்த மாதத்திலிருந்து வர வேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள்.