டார்லா வேண்டாமென்று சொன்ன சான்றிதழ்

என் தங்கை டார்லா அப்போது எங்கள் ஊர் ஸ்கூல் ஆபீசில் வருகைப் பதிவு பார்த்துக்கொண்டிருந்தாள். யார் வரவில்லை, ஏன் வரவில்லை, யாருக்கு நிஜமான வயிற்றுவலி, யாருக்கு வயிற்றுவலி என்ற பெயரில் வேறு ஏதோ வலி, எல்லாம் அவளுக்குத் தெரியும். ஸ்கூலுக்கு ஆலோசகர் இல்லாமல் மூன்று வருடம் ஆகியிருந்தது. அமெரிக்காவின் வடக்கு எல்லையில், சுப்பீரியர் ஏரிக்கரையில், பாதி வருடம் பனிக்குள் கிடக்கிற ஊருக்கு யார் வருவார்கள்? கடைசியாக வந்த மனிதர் முதல் பிப்ரவரியிலேயே பெட்டி கட்டிவிட்டார். அதற்கப்புறம் மனசு சரியில்லாத பிள்ளைகளெல்லாம் டார்லாவின் மேஜைக்கு முன்னால் வந்து நிற்க ஆரம்பித்தன.

அவள் காது கொடுத்துக் கேட்பாள். அதோடு சரி. ஒரு பிள்ளைக்கு இன்ன உதவி வேண்டும் என்று கையெழுத்துப் போட வேண்டுமானால் லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸுக்கு முதுகலைப் பட்டம் வேண்டும். அந்தப் பட்டம் அவளிடம் பாதிதான் இருந்தது.

பாதி என்றால் அசல் பாதி. பதினாறு பாடத்தில் எட்டு முடித்திருந்தாள். வாரக் கடைசியில் கார் ஓட்டிக்கொண்டு போய், ஒரு தனியார் காலேஜில், காசைக் கொட்டிப் படித்த படிப்பு. எட்டாவது பாடத்தின் பரீட்சை நேரத்தில் அவள் மகள் நோரா ஏழாவது மாதத்திலேயே பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். டார்லா அந்தப் பரீட்சையோடு காலேஜை விட்டுவிட்டு அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் வருடங்கள் ஓடிவிட்டன. அவள் புருஷன் லைலுக்கு இரும்புத்தாது ஏற்றும் கப்பலில் வேலை. மார்ச்சில் போனால் ஜனவரியில் ஏரி உறைகிறபோதுதான் வீட்டைப் பார்ப்பான். ஒற்றை ஆளாகப் பிள்ளையை வளர்க்கிறவளுக்குப் புத்தகம் எங்கே?

நோரா இரண்டாம் வகுப்புக்குப் போன வருடம் டார்லா மறுபடி கணக்குப் போட்டாள். பழைய காலேஜுக்கே திரும்பினால் மிச்சப் பாதிக்கு வீட்டைத்தான் விற்க வேண்டும். மாநில யுனிவர்சிட்டி ஒன்றில், வீட்டிலிருந்தபடி கம்ப்யூட்டரில் படிக்கலாம். பழைய இடத்தில் ஒரு பாடத்துக்கு வாங்கின காசில் இங்கே இரண்டரை பாடம் படிக்கலாம். அதைவிட முக்கியம், வேறு இடத்தில் சம்பாதித்த கிரெடிட்டை அவர்கள் ஏற்றுக்கொள்வார்கள். எட்டுப் பாடத்தையும் எடுத்துக்கொண்டால் மிச்சம் எட்டுக்குத்தான் காசு. ஒரு பருவத்துக்கு ஒரு பாடம், சம்பளத்திலிருந்தே கட்டிவிடலாம், கடன் வேண்டாம்.

ஆனால் நிபந்தனை உண்டு. பத்து வருடத்துக்கு மேல் பழசான பாடம் செல்லாது. அவளுடைய முதல் இரண்டு பாடங்களும் ஜனவரியோடு பத்தைத் தாண்டுகின்றன. அதற்குள் சேர்ந்தாக வேண்டும். செப்டம்பரிலேயே விண்ணப்பம் போட்டுவிட்டு, எத்தனை பாடத்தை ஏற்கிறார்கள் என்ற பதிலுக்குக் காத்திருந்தாள்.

அந்த நேரத்தில்தான் டென்னிஸ் எங்கள் மேஜைக்கு வந்து தன் மீன் தட்டை வைத்தார்.

வெள்ளிக்கிழமை எங்கள் ஊரில் பாதிப் பேர் சர்ச் ஹாலில் மீன் வறுவலுக்கு வந்துவிடுவார்கள். நான், டார்லா, நோரா மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். டென்னிஸ் பள்ளி நிர்வாகி. நல்ல மனிதர், சத்தமாகப் பேசுவார்.

"டார்லா, உனக்கு ஒரு நல்ல சேதி. உன் பழைய காலேஜுக்குப் போன் பண்ணிக் கேட்டேன்."

"என்னத்தைக் கேட்டீங்க?"

"உன்னை மாதிரி பாதியில நின்னவங்களுக்கு என்ன வழின்னு. எட்டுப் பாடம் முடிச்சவங்களுக்கு ஒரு சர்ட்டிபிகேட் தர்றாங்களாம். மேற்கொண்டு ஒண்ணும் படிக்க வேண்டாம். ஒரு கையெழுத்து, சின்னதா ஒரு ஃபீஸ். அது மட்டும் இருந்தா உன்னை மாணவர் நலன் உதவி ஒருங்கிணைப்பாளர்னு போட்டுடலாம். மானியம் வந்திருக்கு. சம்பளமும் கூடும்."

"அந்தப் பேரைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள மீன் ஆறிடும்," என்றேன் நான்.

"உனக்கென்ன ராய், உன் வேலைக்குப் பேரே வேண்டாம், லாரி சத்தம் போதும்," என்றார் டென்னிஸ். நான் கவுண்டி நிர்வாகத்துக்காக ரோட்டுப் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறேன். "திங்கட்கிழமை ஸ்கூல் போர்டு கூடுது டார்லா. சர்ட்டிபிகேட் வாங்கிக்கிறேன்னு நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"ஆலோசகர் வேலை?"

"அது லைசென்ஸ் உள்ளவங்களுக்குத்தானே. அவங்கதான் யாரும் வர்றதில்லையே. இது கைமேல இருக்கு."

டார்லா கோஸ் சாலட்டைக் கிளறிக்கொண்டே இருந்தாள். "யோசிச்சுச் சொல்றேன்," என்றாள்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அதை மறுநாள் அவளிடமே கேட்டேன். நான் கொட்டகையில் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மான் வேட்டைக் காலம் தொடங்க ஒரு வாரம்கூட இல்லை. அவள் நோராவின் பனிச்சறுக்குப் பலகையை வாங்கிப்போக வந்திருந்தாள்.

"தட்டுல வச்சதைச் சாப்பிடாம மெனு கார்டைப் பார்த்துக்கிட்டு இருக்கிறியே டார்லா. சும்மா கொடுக்கிறாங்க, வாங்கிக்கோ. அதை மாட்டிக்கிட்டு அப்புறமா எம்.ஏ. படி. யாரு வேண்டாங்கிறா?"

"அதை வாங்கினா எம்.ஏ. படிக்க முடியாது."

"ஏன்?"

"யுனிவர்சிட்டி விதி. கொண்டுவர்ற பாடத்தை வச்சு வேற எந்தப் பட்டமும் சர்ட்டிபிகேட்டும் வாங்கியிருக்கக் கூடாது. வாங்கிட்டா அது செலவானதாக் கணக்கு. எட்டும் போச்சு. முதல்லேருந்து பதினாறு படிக்கணும்."

"அதெல்லாம் சும்மா எழுதி வச்சிருப்பாங்க. யாரு பார்க்கப் போறா?"

அவள் என் கையிலிருந்த துப்பாக்கியைப் பார்த்தாள். "உனக்கு இந்த வருஷம் எத்தனை மான் சீட்டு?"

"ஒண்ணு. ஒரு சீட்டுக்கு ஒரு மான், எல்லாருக்கும் ஒண்ணுதானே."

"முதல் நாள் காலையிலேயே ஒரு குச்சிக்கொம்பு மான் வருது. சின்னது. சுட்டு, சீட்டை அது கொம்புல கட்டிடுறே. மத்தியானம் பெரிய கொம்பன் ஒண்ணு வந்து முன்னாடி நிக்குது. என்ன பண்ணுவே?"

போன வருடம் குச்சிக்கொம்பன் ஒன்று என் மரத்தடியிலேயே வந்து புல் மேய்ந்தது. நான் சுடவில்லை. பெரியதும் வரவில்லை. வெறுங்கையோடு வந்தேன். அதற்கு ஊர் முழுக்க என்னைக் கிண்டல் பண்ணினார்கள், இவளும் சேர்ந்து.

"பெரியது வராமலே போகலாம்," என்றேன்.

"போகலாம்."

"அப்புறம் குளிர்காலம் பூரா கடையில மாட்டுக்கறி வாங்கித் தின்னணும்."

"தின்னுட்டுப் போறேன்." பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

திங்கட்கிழமை மத்தியானம் அவள் யுனிவர்சிட்டிக்குப் போன் பண்ணினாள். மார்சி என்ற பெண்தான் அவளுடைய விவகாரத்தைப் பார்க்கிறவள். நடந்ததை டார்லா என்னிடம் சொன்னது இப்படி. சர்ட்டிபிகேட் என்ற வார்த்தையைக் கேட்டதுமே மார்சி, "கையெழுத்துப் போட்டுட்டீங்களா?" என்றாளாம். இல்லை என்றதும் பெருமூச்சு விட்டாளாம். "போடாதீங்க. போட்டா என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

"அப்ப எத்தனை பாடத்தை எடுத்துப்பீங்கன்னு இன்னைக்குச் சொல்ல முடியுமா? சாயங்காலம் நான் ஒரு பதில் சொல்லணும்."

"கமிட்டி பார்க்கணும். எட்டும் வரலாம். நாலும் வரலாம். என்னால வாக்குக் கொடுக்க முடியாதும்மா."

அந்த 'நாலும் வரலாம்' என்பதோடுதான் அவள் போர்டு கூட்டத்துக்குப் போனாள். கூட்டம் ஸ்கூல் நூலகத்தில். சின்னப் பிள்ளைகளின் நாற்காலியில் நான் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தேன். போர்டு தலைவர் க்ளென், ஊரில் இரும்புக் கடை வைத்திருப்பவர். டென்னிஸ் அந்தப் புது வேலையைப் பற்றிச் சொல்லி, டார்லாவின் பெயரையும் சொல்லிவிட்டு, அவளைப் பார்த்துச் சிரித்தார்.

டார்லா எழுந்தாள். "நன்றி. எனக்கு அந்தச் சர்ட்டிபிகேட் வேண்டாம். நான் பட்டத்தை முடிக்கப் போறேன்."

ஏன் என்றும் சொன்னாள், மூன்று வாக்கியத்தில். க்ளென் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இரும்மா. யுனிவர்சிட்டி உன்னோட பாடத்தை ஏத்துக்கிச்சா?"

"இன்னும் இல்லை."

"ஏத்துக்கலைன்னா?"

"ஜனவரியில ரெண்டு பாடம் செத்துடும். இந்த வேலையும் இருக்காது. வருகைப் பதிவுதான். எனக்குத் தெரியும் க்ளென், நீங்க எனக்கு அதைத் திருப்பிச் சொல்ல வேண்டாம்."

"கையில கொடுக்கிறதை வேண்டாங்கிற ஆளை என் கடையில நான் பார்த்ததே இல்லை."

"உங்க கடையில எதை நீங்க சும்மா கொடுத்திருக்கீங்க?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். க்ளென் சிரிக்கவில்லை. டென்னிஸுக்கு முகம் சிவந்துவிட்டது. அந்த வேலைக்கு வெளியில் ஆள் தேடுவது என்று கை தூக்கித் தீர்மானம் போட்டார்கள்.

காரில் ஏறியதும் டார்லா கொஞ்ச நேரம் சாவியைப் போடவில்லை. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்து நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"பசிக்குது," என்றாள். "பேஸ்டி கடை திறந்திருக்குமா?"

திறந்திருந்தது. மாட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் மாவில் பொதிந்து சுட்ட பேஸ்டி ஒன்றை முழுசாகத் தின்றுவிட்டு என்னுடையதிலும் பாதியைப் பிடுங்கிக்கொண்டாள்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் பதில் வந்தது. அவள் வீட்டு வெந்நீர்க் குழாய் உறைந்து, நான் சிங்க்குக்கு அடியில் படுத்திருந்தேன். மேலே கம்ப்யூட்டரைப் படித்தவள், "ஏழு," என்றாள்.

"எட்டாச்சே?"

"ஏழுதான். ஒண்ணுல கிரேடு பி மைனஸ். பி-க்குக் கீழே எடுக்க மாட்டாங்களாம்." திட்டு ஒன்றை விட்டாள், நோரா பக்கத்தில் இருப்பதை மறந்துவிட்டு. "அந்தப் பரீட்சையை நான் ஆஸ்பத்திரி தாழ்வாரத்துல உட்கார்ந்து எழுதினேன் ராய். இதோ, இவதான் அந்த மைனஸ்."

"நான் என்ன பண்ணினேன்?" என்றாள் நோரா.

"சீக்கிரம் வந்தே."

அன்று சாயங்காலமே பணத்தைக் கட்டி ஜனவரிப் பருவத்தில் பெயரைப் பதிந்துவிட்டாள். முதல் பாடமே அந்த மைனஸ் வாங்கின பாடம். மறுபடி படித்தாள். ஏ வாங்கினாள். பணம் கட்டின அன்றே கப்பலிலிருந்து லைல் போனில், "இந்தத் தடவை பிள்ளை எதுவும் பெத்துக்காதே," என்றிருந்தான்.

இப்படியே மொத்தம் மூன்றரை வருடம். வீட்டு இன்டர்நெட் இழுத்துக்கொண்டு கிடந்தால் ஊர் நூலகத்துக்கு வெளியே காரை நிறுத்தி, உள்ளிருந்து வரும் சிக்னலில் வகுப்பைக் கேட்பாள். எஞ்சினை ஓடவிட்டால் பெட்ரோல் போகிறது என்று அணைத்துவிட்டு, கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் லாரியில் அந்தத் தெருவைக் கடக்கும்போது கண்ணாடி முழுக்க அவள் மூச்சு உறைந்திருக்கும். ஹாரன் அடிப்பேன். கையை ஆட்டமாட்டாள், பாடம் நடக்கிறது என்று புரிந்துகொள்வேன்.

டென்னிஸ் தேடிப்பிடித்த ஒருங்கிணைப்பாளர் கெய்லா என்ற சின்னப் பெண். டார்லாவுக்கு மேலே உட்கார்ந்தாள், டார்லாவைவிட அதிகச் சம்பளம். ஊரில் சிலர் டார்லாவின் காதுபடவே, "அந்த நாற்காலி யாருக்கு இருந்திருக்க வேண்டியது!" என்பார்கள். கெய்லா நல்ல பெண்தான். கடைசி வருடம் பக்கத்து ஊர் ஸ்கூலில் லைசென்ஸ் உள்ள ஆலோசகரிடம் டார்லா சம்பளமில்லாமல் பயிற்சி எடுக்க வேண்டியிருந்தது. வாரத்தில் இரண்டு நாள் வருகைப் பதிவைக் கெய்லாதான் பார்த்துக்கொண்டாள். அந்த இரண்டு நாள் சம்பளம் டார்லாவுக்குக் கிடையாது. அந்தக் குளிர்காலம் அவர்கள் வீட்டில் மானும் உருளைக்கிழங்கும்தான், மான் நான் சுட்டது.

"அந்த ஊரு ரோட்டுப் பனியை முதல்ல தள்ளிவிடேன், எட்டரைக்கு நான் அங்க இருக்கணும்," என்று ஒரு நாள் கேட்டாள்.

"ஆம்புலன்ஸ் போற ரோடு முதல்ல, ஸ்கூல் பஸ் ரோடு ரெண்டாவது, தங்கச்சி ரோடுன்னு ஒண்ணு லிஸ்ட்லயே இல்லை."

"அப்ப சீக்கிரமாக் கிளம்பி உன் லாரிக்குப் பின்னாடியே வர்றேன்."

வந்தாள். எத்தனையோ காலை, என் கண்ணாடியில் அவள் முகப்பு விளக்கு இரண்டும் தெரியும்.

மே மாதம் பட்டம் முடிந்தது. அங்கியும் தொப்பியும் போட்டுக்கொள்ளப் போகவில்லை; அன்று வேலை நாள். மானியம் தீர்ந்து ஒருங்கிணைப்பாளர் வேலையும் அதோடு முடிந்து, கெய்லா வேறு ஊருக்குப் போனாள். லைசென்ஸ் வந்த வாரம் டார்லா அதுவரை காலியாகவே கிடந்த ஆலோசகர் வேலைக்கு மனுப் போட்டாள். நேர்முகத்தில் க்ளென்தான் முதல் கேள்வி கேட்டார்.

"எங்க ஊரு குளிர் உங்களுக்கு ஒத்துக்குமா?"

"உங்க கடையில வாங்கின ஹீட்டர் ரெண்டாவது வாரமே நின்னுபோச்சு க்ளென். அப்புறமும் உயிரோட இருக்கேன்."

இந்தத் தடவை அவர் சிரித்தார். வேலை கொடுத்தார்கள்.

செப்டம்பரில், ஸ்கூல் திறந்த முதல் நாள் காலை, அவள் அறையில் புத்தக அலமாரி ஒன்றைச் சுவரில் பொருத்தப் போயிருந்தேன். ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் திருகைப் பிடித்தபோது வாசலில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி நின்றாள். பையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, உள்ளே வராமல், போகாமல்.

"உள்ள வாம்மா," என்றாள் டார்லா. பிறகு என்னைப் பார்த்தாள். "ராய், நீ கிளம்பு."

"இன்னும் ரெண்டே திருகு."

"ராய்."

திருப்புளியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கதவு சாத்திக்கொண்டது. மறுநாள் போனேன், உள்ளே யாரோ இருந்தார்கள். அடுத்த வாரமும் அப்படியே. அலமாரி இன்றைக்கும் ஒரு பக்கம் சாய்ந்துதான் நிற்கிறது.