செக் படத்துக்குக் கைக்குட்டை போட்ட கதை

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஆனேக்கல்லில் பஸ் ஏறினேன். காக்ஸ் டவுனில் ஓர் அரங்கில் செக் நாட்டுப் புதுப் படங்களின் விழா; ஐந்தரை மணிக்குப் படம். நாற்பது கிலோமீட்டர் போக மூன்றரை மணி நேரமா என்று கேட்பவர்கள் பெங்களூருக்கு வந்ததில்லை என்று அர்த்தம்.

உலக சினிமா மீது எனக்குப் பித்து ஒன்றும் கிடையாது. என் மனைவி வாசுகிக்கு உண்டு. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் ஒரு படத்தைக்கூட அவள் முதலிலிருந்து பார்த்ததில்லை. எல்லாம் என் கைங்கரியம்தான். ஒரு நாள் வண்டிச் சாவி கிடைக்காது, இன்னொரு நாள் எனக்குக் குளிக்க நேரமாகிவிடும்.

"படத்துக்குப் பேர் போடறதை நான் பார்த்ததே இல்லீங்க. இந்தத் தடவையும் விட்டா, இனிமே உங்களோட எந்தப் படத்துக்கும் வரமாட்டேன்" என்று காலையில் சொல்லிவிட்டு எலெக்ட்ரானிக் சிட்டி அலுவலகத்துக்குப் போனாள். சிரிக்காமல் சொன்னாள். அவள் வேலை முடிந்து நேராக வருவது, நான் முன்னாலேயே போய் இடம் பிடிப்பது என்று ஏற்பாடு.

மார்க்கெட் வரை டிக்கெட் முப்பது ரூபாய். பெண்களுக்கு இலவசம் என்பதால் பஸ்ஸில் பணம் கொடுத்த அத்தனை பேரும் என்னைப்போல் நின்றுகொண்டுதான் வந்தோம். மார்க்கெட்டில் பஸ் மாறி சிவாஜிநகர். அங்கே ஆட்டோ.

"என்ன படம் சார்?" என்றார் ஓட்டுநர்.

"செக் நாட்டுப் படம்."

"ஹீரோ யாரு?"

"தெரியாது."

"பாஷையாவது தெரியுமா?"

"தெரியாது. என் சம்சாரம் பார்க்கணும்னு சொன்னாங்க."

"அப்படிச் சொல்லுங்க. மீட்டருக்கு மேல இருபது போட்டுக் கொடுங்க, சீக்கிரம் விடறேன்."

நாலு ஐம்பதுக்கு அரங்க வாசலில் இருந்தேன். என் வாழ்க்கையிலேயே முதல் முறையாக நாற்பது நிமிஷம் முன்னால். அனுமதி இலவசம், முதலில் வருபவருக்கு இடம், படம் தொடங்கியதும் கதவு அடைக்கப்படும் என்று பலகையில் எழுதியிருந்தது.

நான் தருமபுரிக்காரன். பஸ் நிற்கும் முன்பே ஜன்னல் வழியாகக் கைக்குட்டை போட்டு இடம் பிடித்து வளர்ந்தவன். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியில் என் வெள்ளைக் கைக்குட்டையை விரித்தேன். ஐந்தரைக்குள் ஏழெட்டுப் பேர் வந்து கேட்டுவிட்டார்கள். "பர்தாரெ, பர்தாரெ" என்று எனக்குத் தெரிந்த கன்னடத்தில் வருவார்கள் வருவார்கள் என்று அனுப்பிவைத்தேன்.

ஐந்தேகாலுக்கு வாசுகி போன் செய்தாள். "சில்க் போர்டு சிக்னல் தாண்டி நிக்கறேங்க. கேப் நகரவே மாட்டேங்குது." குரல் அழுகிற மாதிரி இருந்தது. பதினோரு வருஷத்தில் நான் நேரத்துக்கு வந்த ஒரே நாளில் அவளுக்கு இப்படியா என்று கைக்குட்டையை இன்னொரு தடவை நீவி விரித்தேன்.

கைக்குட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு நெட்டையான வெள்ளைக்காரர் வந்து உட்கார்ந்தார். யாரோ தவறவிட்டது என்று நினைத்து, கைக்குட்டையை இரண்டு விரலால் தூக்கி என்னிடம் நீட்டினார்.

"வேண்டாம், அது என் மனைவி" என்றேன் ஆங்கிலத்தில்.

அவர் கைக்குட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக அதை நாற்காலியிலேயே படுக்க வைத்தார். நான் தருமபுரி பஸ் நிலையத்தில் தொடங்கி, பதினோரு வருஷம், கதவு, சில்க் போர்டு வரை எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். "ஒரு துணி போதுமா? மற்றவர்கள் ஒத்துக்கொள்வார்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் ஊரில் இதற்குச் சண்டை வருமாம். இங்கேயும் வரும் என்று சொல்ல மனமில்லை.

ஐந்தரைக்கு மேடையில் அழைத்தபோதுதான் தெரிந்தது, அவர்தான் படத்தின் இயக்குநர். ஐந்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். பேசினார். பெங்களூர் மரங்களைப் பற்றிப் பேசினார். காலையில் தின்ற மசால் தோசையைப் பற்றி, உள்ளே உருளைக்கிழங்கு இருந்த ஆச்சரியத்தைப் பற்றி, அவருடைய அம்மா செய்யும் உருளைக்கிழங்கைப் பற்றி. நடுநடுவே மூன்றாவது வரிசையைப் பார்த்துக்கொண்டார். விழாக்காரர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். இவர் அவருக்குக் கும்பிடு போட்டுவிட்டு நாய்களைப் பற்றி ஆரம்பித்தார்.

ஐந்து ஐம்பத்திரண்டுக்கு வாசுகி மூச்சு வாங்க உள்ளே வந்தாள். நான் கைக்குட்டையை எடுத்தேன், அவள் உட்கார்ந்தாள். "அவ்வளவுதான், படம் பாருங்கள்" என்று இயக்குநர் பாதி வாக்கியத்தில் இறங்கிவிட்டார்.

"ஏங்க, அவர் எதுக்கு என்னைப் பார்த்துத் தலையாட்டறாரு?" என்றாள்.

"அப்புறம் சொல்றேன். திரையைப் பாரு, பேர் போடறாங்க."

படத்தில் ஒரு குடும்பம் அலமாரி ஒன்றைப் பனியில் இழுத்துவந்து மூன்றாம் மாடிக்கு ஏற்றப் பார்க்கிறது. ஒன்றரை மணி நேரம் ஏறவில்லை. வீடு மாற்றியவர்களுக்குப் பாஷை எதற்கு? வாய்விட்டுச் சிரித்தேன்.

முடிந்ததும் இயக்குநர் கைக்குட்டையை ஞாபகத்துக்குக் கேட்டார். மார்க்கெட் வரை முகம் துடைத்தது என்று சொல்லியும் விடவில்லை, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மார்க்கெட்டில் ஆனேக்கல் பஸ் வந்தது. ஜன்னலுக்கு ஓடிப் பைக்குள் கைவிட்டபோதுதான் கைக்குட்டை செக் நாட்டுக்குப் போவது உறைத்தது. வாசுகி பெண்கள் பக்கம் இலவசமாக உட்கார்ந்தாள். நான் முப்பது ரூபாய் கொடுத்துப் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றேன்.

"ஒரு பேரையும் வாயில சொல்ல வரலைங்க" என்றாள் சந்தாபுரம் அருகே. "ஆனா ஒண்ணு விடாம படிச்சேன்."

கொஞ்ச தூரம் போனதும் என் சட்டையை இழுத்தாள்.

"நாளைக்கும் ஒரு படம் இருக்கு. கைக்குட்டை ரெண்டா எடுத்துக்குங்க."