வாயை மூடிச் சிரி

எங்கள் மொட்டை மாடியில் நின்றால் கிழக்கே கடல், மேற்கே ரயில் பாதை, தெற்கே தூரத்தில் துறைமுகத்து கிரேன்கள், வடக்கே எண்ணூர் பக்கத்துப் புகைபோக்கிகள். படம் எடுக்கிறவளுக்குத் திருவொற்றியூரில் இதைவிட நல்ல மாடி கிடைக்காது. ஒரு கோடை முழுக்க என் மகளை அங்கே நிறுத்திப் படம் எடுத்தேன். அவளுக்கு அப்போது எட்டு வயது. அந்த இரண்டு மாதமும் அவளுடைய மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுக்கொண்டே வந்தது. நாலடி தூரத்தில் கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு நின்ற எனக்கு அது தெரியவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம். கடைசிவரை ஒளித்து வைத்தால் எனக்கு வரவேண்டிய திட்டு பாதியாகக் குறைந்துவிடும்.

கல்யாணத்துக்கு முன்னால் வண்ணாரப்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். மகள் பிறந்ததும் வேலையை விட்டேன். "வூட்ல சும்மாத்தான கீற" என்று யாராவது கேட்டால் எனக்குச் சுர்ரென்று ஏறும். சும்மா இருக்கிறேனாம். அந்த 'சும்மா'வுக்கு நடுவில்தான் கேமரா வந்தது. என் கணவர் கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். கப்பல் வேலையை விட்டு வந்த அவருடைய தோஸ்து ஒருவர், பழைய கேமரா ஒன்றை எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனார். திரும்பக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன். குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் யூடியூப் பார்த்தே கற்றுக்கொண்டேன். லென்ஸ், ஃபோகஸ் என்று நான் பேச ஆரம்பித்தால் என் கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பிவிடுவார்.

கோடை லீவு விட்டதும் வீட்டில் நானும் மகளும்தான். காலையில் தரையைத் துடைத்தால் வாளித் தண்ணீர் டிகாஷன் நிறத்துக்கு மாறும். கொடியில் காயும் துணியை உதறாமல் மடிக்க முடியாது. மடித்த இடத்தில் கறுப்பாக ஒரு கோடு விழுந்திருக்கும். சில நாள் சாயங்காலம் ஒரு நாற்றம் வரும். எந்தக் கம்பெனியிலிருந்து என்று யாருக்கும் தெரியாது. காற்று அடிக்கிற பக்கத்தைப் பார்த்து ஆளுக்கொரு திசையில் கையைக் காட்டுவோம். ஜன்னலைச் சாத்தினால் வெந்து போவோம், திறந்தால் இருமுவோம். அக்னி நட்சத்திரத்தில் கரண்ட்டும் போய்விட்டால் திறப்பதைத் தவிர வழியில்லை. இதெல்லாம் எங்களுக்குப் பழக்கம்தான். தெருவில் நாலு பேர் இருமிக்கொண்டிருந்தால் அதில் உன் வீட்டு இருமல் தனியாகக் காதில் விழாது.

ஒரு விஷயத்தைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. அந்தப் புழுதி எனக்குப் பிடித்திருந்தது. மற்ற ஊரில் சூரியனைக் கண் கூசாமல் பார்க்க முடியாது. எங்கள் ஊரில் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு அது புகைக்குப் பின்னால் செக்கச்செவேலென்று தொங்கும், வெறும் கண்ணால் பார்க்கலாம். அந்த வெளிச்சம் என் மகளின் கன்னத்தில் விழுந்தால் எந்த ஸ்டூடியோவிலும் கிடைக்காத படம் கிடைக்கும். காலையில் இன்னொரு வெளிச்சம். சமையலறை ஜன்னல் வழியாக ஒரு கோடாக உள்ளே வரும். காற்றில் தூசு இருந்தால்தான் அந்தக் கோடு படத்தில் தெரியும். தூசு போதவில்லை என்றால் பாயை எடுத்து இரண்டு தட்டுத் தட்டுவேன். அதுவும் போதாது என்றால் முகப் பவுடரை உள்ளங்கையில் கொட்டி அவள் தலைக்கு மேல் ஊதுவேன். அவள் இருமுவாள்.

"இரு, இருமாத. ஒரே ஒரு படம்" என்பேன்.

அடுத்தது அவள் வாய். அந்தக் கோடையில் அவள் எப்போது பார்த்தாலும் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். டிவி பார்க்கும்போது, சாப்பிடும்போது, ஜன்னலில் நின்று லாரிகளை எண்ணும்போது, எல்லா நேரத்திலும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கெட்ட பழக்கம் என்று நினைத்தேன். படத்தில் அது இன்னும் அசிங்கமாகத் தெரிந்தது. அதனால் கேமராவைத் தூக்கும் முன்பே சொல்லிவிடுவேன்.

"வாய மூடிக்கினு சிரி."

அவள் ஒரு வாய் காற்றை உள்ளே இழுப்பாள், உதட்டை மூடுவாள், சிரிப்பாள். நான் எடுப்பேன். வாய் திறந்திருக்கும் படத்தை அங்கேயே, அப்போதே, கட்டைவிரலால் அழித்துவிடுவேன். அவளும் ஓடி வந்து திரையை எட்டிப் பார்ப்பாள்.

"இதுவும் டெலிட்டாம்மா?"

"பின்ன? ஈ பூந்துடும் போல கீது. போ, ஒழுங்கா நில்லு."

மே மாதம் பாதியில் கீழ்வீட்டு அக்கா என்னைப் படிக்கட்டில் மடக்கினார். காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்கிறவர், காலை பத்து மணிக்கெல்லாம் வீடு திரும்பிவிடுவார்.

"ஏம்மே, உன் பொண்ணு படி ஏறசொல்ல விசில் சத்தம் வருதே, இன்னா அது?"

"விசில் ஊதிக்கினு வருவாக்கா. திருவிழாவுல வாங்கினது."

"கையில ஒண்ணும் இல்லியே. நெஞ்சுல இருந்துல்ல வருது. டாக்டராண்ட இட்டுனு போய்க் காட்டு."

அந்த அக்காவுக்கு எல்லார் வீட்டிலும் ஒரு குறை கண்டுபிடிக்காவிட்டால் தூக்கம் வராது என்று அன்றைக்கு நான் முடிவு கட்டினேன். "எங்க வூட்டு விஷயத்த நாங்க பாத்துக்கிறோங்கா" என்றேன். அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். நாலு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அந்த நாலு நாளும் படிக்கட்டில் எனக்கும் அந்தச் சத்தம் கேட்டது. ரப்பர் செருப்பின் சத்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு மதியம் அவள் சுவரில் சாய்ந்தபடி உட்கார்ந்தே தூங்கிக்கொண்டிருந்தாள். படுக்கப் பிடிக்கவில்லை என்று சொல்லியிருந்தாள். ஜன்னல் வெளிச்சம் சரியாக அவள் கழுத்தில் விழுந்தது. கழுத்துக்குக் கீழே, இரண்டு எலும்பும் சேரும் இடத்தில், ஒவ்வொரு மூச்சுக்கும் தோல் உள்ளே குழிந்து வெளியே வந்தது. குழியும்போது அங்கே சின்னதாக ஒரு நிழல் விழுந்தது. நான் சத்தம் போடாமல் மண்டியிட்டு, அந்த நிழல் ஆழமாக விழும் நொடிக்குக் காத்திருந்து எடுத்தேன். என்ன அழகு என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன். எடுத்த படத்தில் வாய் திறந்திருந்தது. அழித்துவிட்டேன்.

மாதக் கடைசியில் ஒருநாள் கடற்காற்று வரவே இல்லை. மதியம் ஒரு மணிக்கு வருவது, சாயங்காலம் ஐந்து மணி ஆகியும் ஒரு இலைகூட அசையவில்லை. எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிகள் நகராமல் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றன. அந்த நாற்றம் வழக்கத்தைவிடக் கனமாக இறங்கியிருந்தது. பக்கத்து மாடியில் துணி எடுக்க வந்த பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினாள். நான் மட்டும் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன் அவ்வளவு சிவப்பாக நான் பார்த்ததில்லை.

பள்ளிக்கூடம் திறக்கப் புது யூனிஃபார்ம் தைத்து வந்திருந்தது. அதைப் போட்டுக்கொண்டு மேலே வரச் சொன்னேன்.

"கால் வலிக்குதும்மா. நாளைக்கு எடுத்துக்கலாம்" என்றாள்.

"நாளைக்கு இந்த வெளிச்சம் வருமா? வாடி."

மாடிப் படிகளில் அவள் மூன்று தடவை உட்கார்ந்தாள். நான் மேலிருந்து திட்டிக்கொண்டே இருந்தேன். மாடிக்கு வந்ததும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுவரைப் பிடிக்காதே, கையைக் கீழே விடு, வாயை மூடிச் சிரி என்றேன். மூடினாள். சிரித்தாள். நாலு படம் எடுத்தேன். திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது உதடு மட்டும் நீலமாகத் தெரிந்தது. என் கோபம் எங்கே போனது பாருங்கள்.

"திராட்ச ஐஸ் துன்னியா? யாராண்ட வாங்கின?"

அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். நான் துப்பட்டாவின் முனையை எச்சில் பண்ணி அவள் உதட்டைத் துடைத்தேன். போகவில்லை. அழுத்தித் துடைத்தேன். அப்போதும் போகவில்லை. என் கைக்குக் கீழே அவள் மெதுவாக மடிந்து தரையில் உட்கார்ந்தாள். "அம்மா" என்று சொல்ல வாயைத் திறந்தாள், சொல் வரவில்லை. அந்த விசில் சத்தம்தான் வந்தது.

நான் எப்படிக் கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. கீழ்வீட்டு அக்கா மூன்று மாடியும் ஏறி வந்து அவளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். நாலு நாள் பேசாமல் இருந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆட்டோக்காரர் லாரிகளுக்கு நடுவில் எதிர்த்திசையில் புகுந்து ஓட்டினார். அக்கா அவள் முதுகை நீவிக்கொண்டே, "தோ வந்துட்டோம் கண்ணு, தோ வந்துட்டோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கழுத்தில் கேமரா தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்ற வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க் வைத்துப் புகை மாதிரி மருந்து கொடுத்தார்கள். அரை மணி நேரத்தில் உதட்டுக்கு நிறம் திரும்பியது. இளம் வயது டாக்டரம்மா. வீசிங், ஆஸ்துமா மாதிரி இருக்கிறது என்றார். வீடு எங்கே என்று கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டார், ஏரியாவைப் பற்றி மேலே எதுவும் கேட்கவில்லை.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"இன்னிக்குத்தான் மேடம்."

கீழ்வீட்டு அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். என்னை அத்தனை பேர் முன்னால் காட்டிக்கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை.

"ஒரே நாள்ல இந்த அளவுக்கு வராதும்மா. போட்டோ, வீடியோ ஏதாவது இருந்தா காட்டுங்க. மூச்சு வாங்கறது எப்ப ஆரம்பிச்சதுன்னு பாக்கலாம்."

என்னிடமா இல்லை? அந்த ஊரிலேயே அதிகம் படம் எடுக்கப்பட்ட குழந்தை அவளாகத்தான் இருப்பாள். கேமராவைத் திறந்து ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினேன். மாடியில், ஜன்னலில், கடற்கரைப் பாறை மேல், புது கவுனில். எல்லாவற்றிலும் வாயை மூடி அழகாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு நோஞ்சான் படம்கூட இல்லை. டாக்டரம்மா புருவத்தைச் சுருக்கி, "இதுலல்லாம் நல்லாத்தானே இருக்கா" என்றார்.

மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கிக்கொண்டு என் மகள்தான் பதில் சொன்னாள்.

"அம்மா போட்டோ எடுக்கசொல்ல மூச்ச புடிச்சிப்பேன். இல்லாங்காட்டி டெலிட் பண்ணிடுவாங்க."

புகாராகச் சொல்லவில்லை. டாக்டர் கேட்டார், தெரிந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது. யார்டிலிருந்து நேராக ஓடி வந்து வாசலில் நின்ற என் கணவரின் காதிலும் அது விழுந்தது. அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் கழுத்திலிருந்து கேமராவைக் கழற்றிப் பையில் வைத்தார். "நீ குந்துமே, நான் பாத்துக்கிறேன்" என்றார்.

புகையைத் திட்டலாம், கம்பெனிகளைத் திட்டலாம். திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன், நியாயமும் அதில் இருக்கிறது. ஆனால் பவுடரை ஊதியது எந்தப் புகைபோக்கியும் இல்லை.

இன்ஹேலர் பம்ப் கொடுத்து அனுப்பினார்கள். மறுபடி வந்தால் உடனே பம்ப் அடிக்க வேண்டும், அடிக்கும் முன் முடிந்தால் பத்து நொடி வீடியோ எடுத்து வரவேண்டும், நெஞ்சும் கழுத்தும் தெரிய வேண்டும், மூச்சின் வேகத்தைப் பார்த்துத்தான் மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவு செய்ய முடியும் என்றார் டாக்டரம்மா. படம் எடுக்கத் தெரிந்த அம்மாவுக்கு இது என்ன பெரிய வேலை என்பதுபோல லேசாகச் சிரித்தார்.

அடுத்த வாரமே வந்தது. மதியம், சாதம் போட்டுக்கொண்டிருந்தேன். விசில் சத்தம் கேட்டதும் ஒரு கையில் பம்ப்பும் ஒரு கையில் போனுமாக ஓடினேன். வாயைத் திறந்து திணறிக்கொண்டிருந்தவள், போன் தன் பக்கம் திரும்பியதைப் பார்த்தாள். ஒரு வாய் காற்றை இழுத்தாள். உதட்டை மூடினாள். சிரித்தாள்.

"வாயத் தொற கண்ணு. மூச்சு உடு. சிரிக்க வேணாம், அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

கழுத்து நரம்பு புடைக்க, கண்ணில் தண்ணீர் முட்ட, அப்படியே சிரித்துக்கொண்டு நின்றாள். நான் போனைக் கட்டிலில் வீசி எறிந்த பிறகுதான் வாயைத் திறந்தாள். பம்ப்பை வைத்து அழுத்தினேன். டாக்டரம்மா சொன்னபடி பத்துவரை எண்ணினேன். பாதியிலேயே எண்ணிக்கை தப்பியது.

டாக்டரம்மா கேட்ட வீடியோவை அதற்கும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மறுபடி மூச்சு இழுத்தபோது, என் கணவர் எடுத்தார். என்னைப் பார்த்தால் வாயை மூடிக்கொள்வாள் என்று நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அவருக்குப் போனை நேராகப் பிடிக்கக்கூடத் தெரியாது. படம் சாய்ந்து கிடந்தது, பாதியை அவருடைய கட்டைவிரல் மறைத்தது. மீதிப் பாதியில் என் மகள் வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.