மீன் செதில் ஒட்டிய பொங்கல் வாழ்த்து

பொங்கல் வாழ்த்து செய்து விற்பதற்குக் கத்திரியும் பசையும் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாமியாரின் அனுமதியும் வேண்டும். கடை வாழ்த்து வந்து சேராத கடற்கரை ஊர் எங்களுடையது. அதனால் வீட்டில் கிடந்ததை வைத்தே நான் ஆரம்பித்தேன். தேயிலைப் பொட்டலத்து வெள்ளித்தாள், பழைய கல்யாணப் பத்திரிகை, நைந்த சேலையின் ஜரிகை எல்லாமே எனக்குச் சரக்கு. மடியில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு ஒட்டுவேன். பாதிப் பசை வாழ்த்துக்கு, மீதி பிள்ளையின் வாய்க்கு.

ஒருநாள் அமாவாசை பார்க்கக் காலண்டரைத் தேடினார் அத்தை. தேதித்தாள் தொங்கிக்கொண்டிருந்தது; அதற்கு மேலே முருகன் இருந்த இடத்தில் சுவர் தெரிந்தது. "இனிமே எவளாச்சும் ஒருத்தி உன் வாழ்த்துல குறை சொல்லித் தூக்கிக்கிட்டு இந்த வாசலுக்குத் திரும்பி வரட்டும், அந்தக் கத்திரியைக் கெணத்துல போடுறேனா இல்லையா பாரு" என்று சொல்லிவிட்டார். வெட்டி ஒட்டிப் பிழைக்கும் சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கிணறு இருக்கும்.

முருகனும் முத்திரையும்

அந்த முருகனை ஓர் அட்டையில் ஒட்டி, பக்கத்திலேயே விலாசம் எழுதி, தலைக்கு மேலே தபால்தலையும் ஒட்டித் தபாலில் போட்டேன். மறுநாள் தபாலாபீசிலிருந்து ஆள் வந்தது. அட்டை வாசலுக்கு வந்துவிடக் கூடாதே என்று நானே ஓடினேன்.

போஸ்ட்மாஸ்டர் வருஷா வருஷம் பழனிக்கு நடந்து போகிறவர். செருப்பைக் கழற்றிவிட்டு, முத்திரைக் கட்டையைக் கையில் பிடித்தபடி அட்டையின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். தபால்தலையில் முத்திரை குத்தினால் பாதி முருகன்மேல் விழும். கிரீடம் தப்பினால் கண்ணில் விழும். "என்னய்யா, குத்த வேண்டியதுதானே?" என்றேன். வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "குத்துனா நான் முருகன் மொகத்துல குத்தணும், குத்தாட்டி சர்க்கார் என் மொகத்துல குத்தும். எதுன்னு நீயே சொல்லு தாயி!"

பெரிய நிலா

கீழக்கரையிலிருந்து ஓர் அம்மா பஸ் ஏறி வந்தார். கொழும்பில் கடை வைத்திருக்கும் மருமகனுக்கு நோன்புப் பெருநாள் வாழ்த்து வேண்டுமாம். "மேல நிலா வச்சுக் கொடு புள்ளே" என்றார். கீற்றாக வைத்தால் கஞ்சத்தனமாகத் தெரியுமே என்று, தேயிலைப் பொட்டலத்து வெள்ளித்தாள் முழுவதையும் தட்டு மாதிரி வட்டமாக வெட்டி ஒட்டிவிட்டேன்.

அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு சிரித்த சிரிப்பில் மடியில் இருந்த பிள்ளை அழ ஆரம்பித்துவிட்டது. "பிறை பாத்துத்தான் பெருநாள். இந்த நிலாவை அனுப்புனா எங்க மருமகன் பாதி நோன்போட எந்திரிச்சு பிரியாணி தின்ன உக்காந்துருவாரு, புள்ளே!"

செதில் பானை

என் தலைசிறந்த வேலை இதுதான். கொடுவா மீனின் பெரிய செதில்களைக் கழுவி, மஞ்சளிலும் குங்குமத்திலும் ஊறவைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரு பொங்கல் பானை ஒட்டினேன். வெயிலில் வைத்தால் கண் கூசும். பண்டிகை அவசரத்தில் ஒரே தண்ணீரில் கழுவியது மட்டும்தான் குறை.

அதை அடுத்த வீட்டுச் செல்லம் வாங்கி, சிக்கல் என்ற ஊரில் இருக்கும் தன் நாத்தனாருக்கு அனுப்பினாள். காதுகுத்து விருந்தில் பந்தியில் தன்னைக் கடைசியாக உட்கார வைத்துவிட்டாள் என்று, செல்லத்தோடு பேச்சை நிறுத்தியிருந்தவள் அந்த நாத்தனார்.

பொங்கல் முடிந்து ஒருநாள் காலையில் செல்லம் வந்தாள். கையில் அந்த வாழ்த்து. வாழ்த்து என்ன, பானையின் கழுத்து மட்டும்தான் மிச்சம். மற்றதெல்லாம் பல்லும் நகமும் பட்ட கந்தல். அதைப் பார்த்ததும் அத்தை நேரே உள்ளே போய்க் கத்திரியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு நடந்தார். நான் பிள்ளையை இடுக்கிக்கொண்டு பின்னாலேயே ஓட, செல்லம் எனக்குப் பின்னால் ஓடிவந்தாள்.

"இருங்கத்தே, போட்டுறாதீக! நெல்லுக் குதிருல எலி பிடிக்க வளக்குற பூனை எங்க நாத்தனாளுக்கு. தபால்காரரு கையிலயிருந்தே பிடுங்கிருச்சாம். பொங்கலன்னைக்கு மொத பஸ்ஸுல அவளே வந்து எறங்கிட்டா. 'ஏ மதினி, வாழ்த்து எனக்கா, எம்பூனைக்கா?'ன்னு வாசல்ல நின்னு ஒரு பாட்டம் வஞ்சா. நானும் வஞ்சேன். வஞ்சு களைச்சுப்போயி ரெண்டு பேரும் ஒரே எலையில பொங்கல் தின்னோம். நேத்துத்தான் ஊருக்குப் போனா."

கிணற்றுக்கு மேலே நீட்டிய கை அப்படியே நிற்க, "அப்பறம் எதுக்குடி இதைத் தூக்கிக்கிட்டு வந்த?" என்றார் அத்தை.

"இதே மாதிரி இன்னொண்ணு வேணும். எளைய நாத்தனாளும் பேசாமத்தான் இருக்கா. அவ வீட்டுல ரெண்டு பூனை!"

அன்றிலிருந்து மீன் ஆயும்போதெல்லாம் அத்தையே செதிலைத் தனியாக எடுத்து வைக்கிறார், ஒரே தண்ணீரில் கழுவும்படி எனக்கு உத்தரவும் போடுகிறார், காலண்டரை மட்டும் இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டார்.